ஈ, தா, கொடு: காவிரிக்கு எந்தச் சொல்?



ஒருவன் பிறனிடம் ஒரு பொருளைக் கேட்குங்கால் எச்சொல்லாற் கேட்பது என்பதற்குத் தொல்காப்பியர் நெறி வகுத்துள்ளார். சொல்லதிகாரத்து எச்சவியலில் அது வருகின்றது. தாழ்ந்த நிலையில் நிற்பவன் உயர்ந்தோனிடம் கேட்கும் சொல் ஈ. ஒத்த நிலையினன் கேட்கும் சொல் தா. உயர்ந்தோன் தன்னிற் குறைந்தவனிடம் கேட்கும் சொல் கொடு. இவ்வளவும் பள்ளியிற் படித்தோர் யாவரும் அறிந்ததே. ஆயின், இம்மூன்றையும் பிரித்துக் காட்டுவதற்கு முன்னரே ஆசிரியர் ஒன்றைச் சொல்லிவிடுகின்றார். மூன்றும் இரத்தற்குரிய சொற்களே என்கின்றார். அதனை விரைந்து கடந்து போய்விடுகிறோர் பலர். கேட்பவன் எத்துணை உயர்ந்தவனாயினும் ஆகுக. வாய் திறந்து 'கொடு' என்ற அந்த நொடியே, கேட்கப்பட்ட பொருள் தன்னுடையதன்று, எதிரே நிற்பவனுடையது என்று ஒப்பியவன் ஆகின்றான்.

காவிரிச் சிக்கலுக்கும் இவ்விலக்கணத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கலாம். நாளேடுகளைப் புரட்டிப் பாருங்கள். கருநாடகம் தண்ணீர் தர மறுத்தது என்று ஒரு நாள். தண்ணீர் கொடுத்தது என்று மற்றொரு நாள். தமிழ்நாடு தண்ணீர் கேட்கிறது என்று பிறிதொரு நாள். வானொலியும் தொலைக்காட்சியும் அவ்வாறே. ஊர்வலத்தில் முழங்குவோரும் 'கொடு, கொடு' என்றே முழங்குகின்றனர். கன்னடத்திலும் கொடு என்பது கொடுவே. நீர் அங்கு நீரு. ஒரே வேரினின்று கிளைத்த இரு மொழியினரும் ஒரே வினைச்சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவர் கொடு என்றும் மற்றவர் கொடுப்பதில்லை என்றும் நூறாண்டுக்கு மேலாக வழக்காடுகின்றனர். கொடுத்தலும் மறுத்தலும் உடையவனுக்கே உரியவை. ஆகலின், அச்சொல்லைத் தமிழன் ஏற்ற அளவிலேயே வழக்கில் பாதி போய்விடுகின்றது.

'தா' என்று கேட்பதற்கும் ஓர் ஆறு உண்டு. அது காவிரியன்று. கிருட்டிணை ஆற்றுக்குத் தமிழ்நாட்டில் கரை இல்லை. சென்னை நகரின் குடிநீர்த் தட்டுப்பாட்டைக் கருதி மராட்டியம், கருநாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் தத்தம் பங்கிலிருந்து ஐந்தைந்து அலகு நீரை ஒதுக்க 1976-இல் இசைந்தன. 1983-இல் ஆந்திரத்தோடு உடன்படிக்கை ஏற்பட்டது. ஆவியாகப் போவது மூன்று நீங்கலாகப் பன்னிரண்டு அலகு எல்லைக்கு வரவேண்டும். 1996-இல் அந்நீர் பூண்டி ஏரியை முதன்முதலாக எட்டியது. இது கொடை, நன்றிக்குரிய கொடை. ஆண்டுதோறும் முழுமையாக வந்ததில்லை என்னும் குறை ஒருபுறம் இருக்க, அங்கே தமிழ்நாடு தா என்று கேட்டதிற் பிழையில்லை. ஒத்த நிலையில் உள்ள அயல் மாநிலத்தாரிடம் அவர்தம் பொருளைக் கேட்கும் முறை அதுவே. காவிரியையும் அதே சொல்லாற் கேட்பதுதான் பிழை.

(இவ்வுரையில் அலகு என வருமிடமெல்லாம் நூறு கோடிக் கன அடி என்று கொள்க. நாளேடுகள் டி.எம்.சி. என மூன்று ஆங்கில எழுத்துகளால் எழுதுவது இதனையே. நொடிக்கு ஏறத்தாழ 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் நீர் ஓடினால் அஃது ஓர் அலகு.)

காவிரி கொடையன்று, பங்கு. இது தமிழர் தம் உணர்ச்சியாற் கட்டிய கதையன்று, எழுத்தில் உள்ளது. 1892 பிப்பிரவரி 18-ஆம் நாள் மைசூர் அரசுக்கும் சென்னை அரசுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. குறிப்பிட்ட ஆறுகளில் சென்னையின் இசைவைப் பெறாமல் மைசூர் புதிய பாசன அணைகளைக் கட்டலாகாது என்பது அதன் கருத்து. சென்னையும் மனம்போல் இசைவை மறுத்துவிட இயலாது. முன்னரே நுகர்ந்துவரும் உரிமைக்குக் கேடு நேருமாயின் மட்டுமே மறுக்கலாம். ஒருபக்கக் கட்டு என்று இதனைப் பழிப்போர், இந்த இரண்டாம் பகுதியை எடுத்துரைப்பதில்லை.

1910-இல் மைசூர் கண்ணம்பாடியில் பேரணை கட்டத் திட்டமிட்டது. அதன் தலைமைப் பொறியாளர் விசுவேசுவரையா. நாற்பத்தொன்றரை அலகு தேக்கும் அணை வேண்டும் என்றது மைசூர். அவ்வளவு பேரணைக்குச் சென்னை இசையவில்லை. வழக்கு நடுவரிடம் சென்றது. கிரிப்பின் என்னும் நடுவர் 1914-இல் அளித்த தீர்ப்பு மைசூருக்கு இணக்கமாய் அமைந்தது. இந்திய அரசு 1916-இல் அதனை ஏற்றது. சென்னை அடங்கவில்லை, இலண்டனுக்கு முறையிட்டது. அங்குத் தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் இருதரத்துப் பொறியாளரும் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் பேசி, 1924 பிப்பிரவரி 18-இல் புதிய உடன்படிக்கை கண்டனர். முப்பத்திரண்டு ஆண்டு இடைவெளியில் அதே நாளில் இரண்டும் அமைந்தது ஒரு வியப்பு.

அவ்வுடன்படிக்கையின்படி கண்ணம்பாடி 44.827 அலகு, மேட்டூர் 93.5 அலகு. மைசூர் கண்ணம்பாடியின்கீழ் 1,10,000 ஏக்கரும், சென்னை மேட்டூரின்கீழ் 3,01,000 ஏக்கரும் புதிதாகப் பயிரிடலாம். இவ்வெண்களை எல்லாரும் எடுத்துக் காட்டுவர். ஆனால் அந்த ஏட்டின் உயிர் இவற்றில் இல்லை; பின்னிணைப்பாக உள்ள ஒழுங்காற்று நெறிகளில் உள்ளது. கண்ணம்பாடியில் எவ்வளவு தேக்கலாம் என்பதை அந்த அணையே முடிவு செய்வதில்லை. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பு மேலணையில் ஓர் அளவுகோல் நட்டிருக்கின்றது. திங்கள்தோறும் அங்கு நீர் இத்துணை அடி நிற்கவேண்டும் என்று வரம்பு கட்டினர். அந்த வரம்பைக் காக்கும் அளவுக்கு ஆற்றொழுக்கை முதலில் விட்டுவிட்டு, மிகுவதையே கண்ணம்பாடி தேக்கலாம். எண்ணிப் பாருங்கள்! மேல்மடைக்காரன் எவ்வளவு தேக்கலாம் என்பதைக் கீழ்மடைக்காரன் மண்ணில் நட்ட கோல் சொல்லும். அது மட்டுமன்று, ஆண்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாகச் சொல்லாமல், திங்களுக்குத் திங்கள் பிரித்துச் சொல்லும். அந்த வரைவை எழுதியவர்கள் வெள்ளையர் ஆட்சியின் பொறியாளர்கள்தாம். எனினும் உழவின் பருவம் அறிந்து எழுதினர்.

அதற்குப் பின் நேர்ந்தவற்றை விரித்துரைப்பது வருத்தந்தருவது. 1956-இல் மாநிலங்கள் மொழிவழிப் பிரிந்தன. குடகு மைசூரோடு சேர்ந்தது. 1968 முதல் 1990 வரை இருபத்தாறு முறை அமைச்சர்கள் கூடிப் பேசினர். பேச்சு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, கபினியிலும் ஆரங்கியிலும் ஏமாவதியிலும் அணைகள் எழுந்தன. இந்தியத் திட்டக்குழுவின் இசைவின்றி, கருநாடகம் தன் சொந்தப் பணத்திலேயே அவற்றைக் கட்டியது. தமிழ்நாடு பேசிக்கொண்டிருந்தது, கருநாடகம் கட்டிக்கொண்டிருந்தது. 1971-இல் உச்ச நயன்மன்றத்தில் தொடுத்த வழக்கைத் தமிழ்நாட்டு அரசு 1972-இல் தானே திரும்பப் பெற்றது. பேச்சிலேயே தீர்ந்துவிடும் என்று தில்லி சொன்னதை நம்பியதன் விளைவு அது. அதன் பின்னர் மீண்டும் கதவைத் தட்டியது அரசன்று. காவிரிப் படுகை உழவர் அமைப்பு ஒன்று 1983-இல் வழக்குத் தொடுத்தது. அதன் பயனாகவே, உச்ச நயன்மன்ற ஆணையின்படி 1990 சூன் 2-இல் நடுவர் மன்றம் அமைந்தது. மாநிலத்து ஆட்சியாளர் கைவிட்ட வழக்கை ஏர்பிடித்தவர் எடுத்து நடத்தினர் என்பதை வரலாறு மறக்கலாகாது.

நடுவர் மன்றம் 1991 சூன் 25-இல் இடைக்கால ஆணை பிறப்பித்தது. மேட்டூருக்கு ஆண்டுக்கு 205 அலகு வந்துசேர வேண்டும். அதனைச் சூனில் 10.16, சூலையில் 42.76, ஆகசுட்டில் 54.72 என்று திங்கள்தோறும் பிரித்து, கிழமைத் தவணைகளில் விடவேண்டும் என்றது. ஒரு திங்கள் கழிவதற்குள் கருநாடகம் அவ்வாணையைச் செல்லாததாக்க அவசரச் சட்டம் இயற்றியது. உச்ச நயன்மன்றம் அதனை நவம்பரில் தள்ளுபடி செய்தது. திசம்பரில் ஆணை அரசிதழில் வெளிவந்தது. அந்தத் திசம்பரில் பெங்களூரிலும் சுற்றுப்புறத்திலும் தமிழர் தாக்குண்டனர், உயிர்கள் போயின, குடிசைகள் எரிந்தன, கைக்குழந்தைகளோடு எல்லை கடந்து ஓடிவந்தோர் பல்லாயிரவர். 2016 செப்டம்பரில் மீண்டும் தமிழ்நாட்டுப் பேருந்துகள் பல எரிக்கப்பட்டன. மடையின் வழக்கு மொழியின் பகையாக மாற்றப்பட்டது. மாண்டியத்து உழவனுக்கும் தஞ்சை உழவனுக்கும் இடையே பகை ஒன்றும் இல்லை. இருவரும் ஒரே வானத்தைப் பார்த்து நிற்பவர்கள். அவர்களை ஒருவர்மேல் ஒருவர் ஏவிவிட்டு வாக்குப் பெறுவோர் வேறு.

இறுதித் தீர்ப்பு 2007 பிப்பிரவரி 5-இல் வந்தது. காவிரியில் ஓடும் நீர் 740 அலகு என்று கொண்டு, தமிழ்நாட்டுக்கு 419, கருநாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 எனப் பகுத்தது. சூழல் காப்புக்குப் பத்தும், கடலிற் சேர்வது தவிர்க்கவியலாத நான்கும் ஒதுக்கியது. 419 என்றவுடன் அவ்வளவும் கருநாடகத்தினின்று வருவது என்று மயங்குவோர் உளர். அன்று; தமிழ்நாட்டின் மழையிலும் துணையாறுகளிலும் கிடைப்பதையும் சேர்த்த கணக்கு அது. எல்லையிலுள்ள பில்லிகுண்டில் கருநாடகம் விட்டுவைக்க வேண்டியது 192 அலகு. தீர்ப்பு அரசிதழில் ஏறுவதற்கு ஆறாண்டு ஆயிற்று. 2013 பிப்பிரவரி 19-இல்தான் ஏறியது. பின்னர் 2018 பிப்பிரவரி 16-இல் உச்ச நயன்மன்றம் 192-ஐ 177.25 ஆக்கியது.

205, 192, 177.25 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கழித்துப் பார்ப்பது மேடைப் பேச்சாளர் வழக்கம். அது முறையான கணக்கன்று. 205 மேட்டூரில் அளப்பது. மற்றிரண்டும் பில்லிகுண்டில் அளப்பவை. இரண்டு இடங்களுக்கும் நடுவே ஆற்றில் சேரும் நீர் உண்டு. வழக்கில் வலிமை இருப்பவர் கணக்கைத் திரிக்க வேண்டியதில்லை. ஆனால் 192-க்கும் 177.25-க்கும் உள்ள வேறுபாடு, ஒரே இடத்தில் அளந்த உண்மையான இழப்பு. அந்தப் பதினான்கே முக்கால் அலகு எவ்வாறு போயிற்று?

நாலே முக்கால் பெங்களூர்க் குடிநீருக்கு. அந்நகரின் மூன்றில் ஒரு பகுதியே காவிரிப் படுகைக்குள் அடங்கும் என்று நடுவர் மன்றம் கணித்துக் கொடுத்திருந்தது. உச்ச நயன்மன்றம் நகரம் முழுமைக்கும் கணக்கிட்டது. குடிநீரை மறுக்கும் மனம் தமிழர்க்கு இல்லை. தண்ணீர்ப்பந்தல் வைத்த குடி இது. ஆயினும் படுகைக்கு வெளியே நகரம் எவ்வளவு வளர்ந்தாலும் அதற்கெல்லாம் நாகையின் கடைமடை உழவனே ஈடு கொடுப்பது என்றால், அதற்கு வரம்பு எது?

எஞ்சிய பத்தலகு, தமிழ்நாட்டின் நிலத்தடி நீர் என்னும் கணக்கில் கழிந்தது. மண்ணுக்கடியில் இருபதலகு கிடைக்கிறது. அதிற் பத்தையேனும் எடுத்துக்கொள்ளலாம் என்பது மன்றத்தின் கருத்து. கடைமடையில் கிணறு வெட்டியவரைக் கேட்டால் இதன் தன்மை விளங்கும். கடலோரத்தில் மிகுதியாக இறைத்தால் உவர்நீர் உள்ளே ஏறும். ஆற்றிலும் வாய்க்காலிலும் நீர் ஓடினால் ஊற்று நிற்கும். வறண்டால் ஊற்றும் இறங்கும். அன்றியும், மோட்டார் வைத்து இறைக்க மின்னாற்றல் வேண்டும், ஆழ்துளை வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். அரை ஏக்கர்க் குத்தகைக்காரனிடம் அவை எங்கே? மேற்பரப்பு நீர் எல்லார்க்கும் பொது. கிணற்று நீர் கிணறு உடையவனுக்கே. ஏட்டில் பத்துக்குப் பத்து சரியாகிவிட்டது, வயலில் ஆகவில்லை.

இனி, திங்கட் கணக்குக்கு வருவோம். வழக்கின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. 177.25-ஐச் சூன் 9.19, சூலை 31.24, ஆகசுட்டு 45.95, செப்டம்பர் 36.76, அக்டோபர் 20.22, நவம்பர் 13.78, திசம்பர் 7.35, சனவரி 2.76, பிப்பிரவரி முதல் மே வரை திங்களுக்கு இரண்டரை எனப் பகுத்துள்ளனர். சூன் பங்கு மொத்தத்தில் ஐந்து விழுக்காட்டுக்குச் சற்றே மிகுதி. பார்வைக்குச் சிறியது. குறுவையின் தலையெழுத்து அதில் உள்ளது. மேட்டூரைச் சூன் 12-இல் திறப்பது மரபு. அன்று திறந்தால் நாற்றங்கால் அமைத்து, நட்டு, நூற்றைந்து நூற்றுப்பத்து நாளில் விளையும் குறுவையை ஐப்பசி அடைமழைக்கு முன்னே அறுத்துக் களம் சேர்க்கலாம். அதே வயலில் தாளடி நடலாம். ஒரு திங்கள் கழித்துத் திறந்தால் கதிர் முற்றும் வேளையில் மழை பிடித்துக்கொள்ளும். நெல் சாய்ந்து வயலிலேயே முளைக்கும். ஆகவே சூலையில் இரட்டிப்பாக வந்தாலும் சூனில் வராத நீருக்கு ஈடாகாது. பால் பிடிக்கும் பருவத்தில் பத்து நாள் நீர் நின்றுபோய், அதன்பின் வெள்ளமே வந்தாலும் பதர் நெல்லாகாது.

2012 முதல் 2019 வரை எட்டாண்டு தொடர்ந்து சூன் 12-இல் மேட்டூர் திறக்கப்படவில்லை. 2017-இல் திறந்த நாள் அக்டோபர் 2. எட்டுக் குறுவைகள்! மேட்டூரில் முன்னாண்டு இருப்பு இருந்து, சூனிலும் உரிய நீர் வந்தாலன்றித் திறக்க வழியில்லை. மறுபுறம் 2018 ஆகசுட்டில் என்ன நடந்தது? குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டியது, கருநாடக அணைகள் நிரம்பின, வேறு வழியின்றிக் கருநாடகம் திறந்துவிட்டது, மேட்டூரும் நிரம்பி வழிந்தது, கொள்ளிடம் கரைபுரண்டது, ஆகசுட்டு 22-இல் முக்கொம்பில் கொள்ளிடத்து அணையின் மதகுகள் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. அவ்வாண்டுக் கணக்கில் தமிழ்நாட்டுக்கு உரியதைக் காட்டிலும் பெரிதும் மிகுதியாக வந்துவிட்டது என்று கருநாடகம் எழுதிக்கொண்டது. வெள்ளத்தைக் கணக்கில் வரவு வைத்து, வறட்சியைப் பற்று எழுதாமல் விடும் இந்தக் கணக்குப்பிள்ளைத்தனத்தை எந்த ஊர் மளிகைக் கடையும் ஏற்காது.

நல்ல மழை பெய்த ஆண்டில் நடுவரும் வேண்டா, மன்றமும் வேண்டா. ஆறே பங்கிட்டுவிடும். குறைந்த ஆண்டுக்காகவே நெறி வேண்டும். குறைந்த ஆண்டில் எல்லார் பங்கும் அதே விழுக்காட்டில் குறையும் என்று நடுவர் மன்றம் சொல்லிவிட்டது. நன்று. ஆனால் குறைவை எந்த நாளில் கணிப்பது? அணை இருப்பைக் கொண்டா, வரவைக் கொண்டா? கருநாடகம் தன் கோடைப் பயிருக்கு எடுத்ததைச் சேர்த்தா, விடுத்தா? 2023-இல் இது முழுவதும் வெளிப்பட்டது. சூன் 12-இல் மேட்டூர் திறந்தது. தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஒழுங்காற்றுக் குழு நொடிக்கு 5,000 கன அடி, பதினைந்து நாள் என்று தவணை தவணையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கே கருநாடகத்தில் முழு அடைப்பு. செப்டம்பர் 21-இல் உச்ச நயன்மன்றம் தலையிட மறுத்தது. சனவரி 28 வரை திறந்திருக்க வேண்டிய மேட்டூர் அக்டோபர் 10-இல் மூடப்பட்டது. மறு ஆண்டு, 2024-இல், சூலை 28-இல்தான் திறக்க முடிந்தது.

தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் இச்சிக்கலை எவ்வாறு தீர்த்துக்கொண்டன? பாண்டிநாட்டு ஏரிப்பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்றும் மடையன் என்றும் ஒருவர் இருப்பார். (மடமையிற் பிறந்த வசைச்சொல் வேறு, மடையிற் பிறந்த இத்தொழிற்பெயர் வேறு.) நிலமுடையவன் எவ்வளவு பெரிய பண்ணையாரானாலும் மடையைத் தொடலாகாது. திறப்பதும் அடைப்பதும் நீர்க்கட்டியின் வேலை. அவருக்குப் பெரும்பாலும் அந்த ஆயக்கட்டில் நிலம் இராது, ஒடுக்கப்பட்ட குடியினர், களத்தில் அளக்கும் நெல்லே கூலி. தனக்கு வயல் இல்லாதவர் ஆகையால் எந்த வயலுக்கும் சாயமாட்டார். ஏரியில் நீர் குறைந்தால் முறைவைத்து விடுவார். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று பகுப்பார். அதில் கடைமடைக்கும் முறை உண்டு. சாதிக் கொடுமை மலிந்த அவ்வூர்களிலும், மடையின் திறவு மட்டும் பயன்பெறுவோன் கையில் இருக்கலாகாது என்னும் அறிவு இருந்தது.

2018 சூன் 1-இல் அமைந்த காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அத்தகைய நீர்க்கட்டியா? அன்று. அது கூடும்; கணக்குப் பார்க்கும்; இவ்வளவு விடுக என்று சொல்லும். கண்ணம்பாடியின் மதகு கருநாடகப் பொறியாளர் கையில். அவர்க்கு மேலே கருநாடக அமைச்சர். அவர்க்கு மேலே அடுத்து வரும் தேர்தல். நீர்க்கட்டி கரையில் நின்று வாயாற் சொல்லிக்கொண்டிருக்க, பண்ணையாரே மடையைத் திறப்பதும் மூடுவதும் போன்றது இது.

அந்த ஆணையமும் எளிதில் வந்துவிடவில்லை. 2016-இல் உச்ச நயன்மன்றம் மேலாண்மை வாரியம் அமைக்கச் சொன்னபோது, அவ்வாறு சொல்ல மன்றத்துக்கு உரிமையில்லை என்று எதிர்த்து நின்றது இந்திய அரசு. 2018-இல் ஆறு கிழமைக்குள் செயல்திட்டம் ஒன்றை வகுக்கவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஆறு கிழமையும் கழிந்த பின், 'ஸ்கீம்' என்று தீர்ப்பில் உள்ள ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் என்ன என்று விளக்கம் கேட்டு மன்றத்துக்குப் போனது அதே அரசு! கருநாடகத்தில் தேர்தல் வருகிறது, ஆகவே மூன்று திங்கள் கூடுதலாக வேண்டும் என்றும் கேட்டது. ஆங்கிலத்திலேயே ஆட்சி நடத்துகின்ற தில்லிக்கு அந்த ஆங்கிலச் சொல் விளங்கவில்லை. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்கும்போது அகரமுதலி தேடிய அரசு உலகில் வேறு எங்கும் இருந்திருக்குமோ, தெரியாது.

அதே 2018 தீர்ப்பில், மாநிலங்களைக் கடந்தோடும் ஆறு எந்த ஒரு மாநிலத்துக்கும் தனியுடைமையன்று, நாட்டின் பொதுச்செல்வம் என்று ஒரு கருத்து சொல்லப்பட்டது. தமிழ்த்தேச உணர்வாளர் சிலர் இதனைக் கேட்டவுடன் சினங்கொள்கின்றனர். பொறுத்துப் பார்க்கவேண்டும். ஆற்றின் தலையில் இருப்பவன் உடையவனல்லன் என்பது அதில் அடங்கியிருக்கின்றது. அந்த அளவில் அது தமிழர்க்கு ஆக்கமே. ஆனால் பொதுச்செல்வம் என்பதன் பொருளில் தில்லி தானே உடையவன் ஆகி, இரு பக்கத்துக்கும் 'கொடுக்க'த் தொடங்கினால், பழைய சொல்லே வேறு வாயினின்று வருகின்றது. 1924 உடன்படிக்கை ஐம்பதாண்டோடு 1974-இல் முடிந்துபோயிற்று என்றும் அம்மன்றம் கூறியுள்ளது. ஏடு முடிந்திருக்கலாம். முக்கொம்பில் கோல் நட்ட கருத்து முடிந்ததாக எங்கும் எழுதவில்லை.

தமிழ்நாட்டு ஆட்சியாளர் செய்த குற்றங்களும் சிறியனவல்ல. ஏரிகளைத் தூர்த்துப் பேருந்து நிலையமும் மனைப்பிரிவும் ஆக்கினர். ஆற்று மணலை அள்ளி விற்றனர். மணல் போனபின் ஆற்றின் மட்டம் தாழ்ந்து, வாய்க்கால் தலைப்புகள் மேலே நிற்கின்றன. நீர் வந்தாலும் பாய்வதில்லை. வெள்ளத்தைத் தேக்க இடமில்லாமல் கொள்ளிடம் வழியே கடலுக்கு விட்டுவிட்டு, சூனில் கையேந்துவதைக் கருநாடகத்தார் எடுத்துக்காட்டிப் பேசும்போது, மறுமொழி கூற நா எழுவதில்லை.

அடுத்த பேச்சு மேக்கேதாட்டைப் பற்றியது. மேக்கே என்றால் கன்னடத்தில் ஆடு. தாட்டு என்பது தாண்டு. ஆடுதாண்டு காவிரி என்று தமிழர் வழங்கும் இடம் அதுவே. பாறைகளுக்கிடையே ஆறு அவ்வளவு ஒடுங்கிச் செல்கிறது. அங்கே 67.16 அலகு தேக்கும் அணையை ஏறத்தாழ 9,000 கோடி உருபாச் செலவில் கட்டக் கருநாடகம் முனைந்துள்ளது. பெங்களூர்க் குடிநீருக்கும் மின்னாக்கத்துக்கும் என்று சொல்கின்றது. விரிவான திட்ட அறிக்கை உருவாக்க 2018 நவம்பரில் நடுவண் நீர்க்குழுமம் இசைந்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. 2025 நவம்பரில் உச்ச நயன்மன்றம், தமிழ்நாட்டின் முறையீடு காலத்துக்கு முற்பட்டது என்று சொல்லி அதனை முடித்துவைத்தது. வல்லுநர் குழுவும் மேலாண்மை ஆணையமும் இன்னும் ஆய்ந்து முடிக்காத திட்டம் என்பது அதற்குச் சொன்ன கரணியம்.

குடிநீருக்கு நாலே முக்கால் அலகு கூட்டி வழங்கியாயிற்று. அதற்கு 67 அலகு அணை எதற்கு என்று அந்த ஆய்வு மேசையில் கேட்கவேண்டும். அதனினும் முதன்மையாகக் கேட்கவேண்டியது இடத்தைப் பற்றியது. கண்ணம்பாடிக்கும் கபினிக்கும் கீழே, பில்லிகுண்டுக்கு மேலே, கருநாடகத்துக்குள் காவிரி ஓடும் அந்நெடுந்தொலைவில் மழை பெய்தால், அந்த நீரைப் பிடித்து நிறுத்தப் பேரணை எதுவும் இன்று இல்லை. அது யாருடைய ஆணைக்கும் காத்திராமல் எல்லையைக் கடந்து மேட்டூரை அடைகின்றது. யாரும் ஈவதன்று, தருவதன்று, கொடுப்பதன்று, தானே வருவது. ஆடுதாண்டு காவிரியில் அணை எழுந்தால், அந்த நீருக்கும் ஒரு மதகு உண்டாகும். அந்த மதகுக்கும் திறவு பெங்களூரில் இருக்கும்.